சுட்டாத விரல்: ஓட்டிசத்தை நேரத்தோடு இனங்காண்போம்

என் தம்பிக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிஸ்கட் வேண்டுமென்றால் அழமாட்டான், கேட்கவும் மாட்டான். என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடிப்பான். அலுமாரி வரை இழுத்துக்கொண்டு போய் என் கையைத் தூக்கி பிஸ்கட் டின்னின் மேல் வைப்பான். அந்த நேரம் முழுவதும் என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கமாட்டான். எனக்கு அப்போது பதினொரு வயது. "தம்பிக்கு என்னில எவ்வளவு பாசம் பாருங்கோ" என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது பாசமாகவும் இருக்கலாம். ஆனால் அது ஓர் அறிகுறியும்கூட என்பதை நாங்கள் அறிந்தபோது அவனுக்கு மூன்று வயதும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. இடையில் இருபத்திரண்டு மாதங்கள் போய்விட்டன. அந்த மாதங்களை வேறொரு வீட்டில் வேறொரு பிள்ளை இழக்கக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஓட்டிசம் என்றால் என்ன?

ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியடையும் விதத்தில் பிறப்பிலிருந்தே காணப்படும் ஒரு வேறுபாடு. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இரண்டு பகுதிகளில் அதன் வெளிப்பாட்டைக் காணலாம். முதலாவது, மற்றவர்களோடு தொடர்பாடுவதில் உள்ள சிரமம். கண்ணோடு கண் பார்த்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புதல், சைகை காட்டுதல், பேசுதல், சேர்ந்து விளையாடுதல் என்பன இதில் அடங்கும். இரண்டாவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒரே ஒழுங்கை விரும்புதல், சத்தம், வெளிச்சம், தொடுகை, மணம் போன்றவற்றை மற்றவர்களைவிட மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்தல்.

'ஓட்டிசம்' என்ற சொல்லின் வேர் 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் என்ற வைத்தியர் 1943ஆம் ஆண்டு பதினொரு பிள்ளைகளை அவதானித்து எழுதிய கட்டுரையின் மூலமே இது தனியொரு நிலையாக மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. தமிழில் 'மதியிறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அச்சொல்லில் விருப்பமில்லை. வாப்பாவின் கடையில் கலந்து கிடக்கும் ஆணிகளை அளவு வாரியாக ஐந்து நிமிடத்தில் பிரித்து வைக்கும் என் தம்பியின் மதி எங்கே இறுகியிருக்கிறது?

இன்று வைத்தியர்கள் இதை ஒரு 'நிறமாலை' என்கிறார்கள். அரியத்தினூடாக ஒளியைச் செலுத்தினால் ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அதுபோலவே ஓட்டிசமுள்ள ஒருவர் வாழ்நாள் முழுவதும் பேசாமலே இருக்கலாம், இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடத்தலாம். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணி மூன்று வயது கடந்தும் பேசவில்லை. பின்னர் அவர் விலங்கு விஞ்ஞானத்தில் பேராசிரியையானார். எல்லாப் பிள்ளைகளும் அவரைப் போல் ஆவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று வயதில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க எவராலும் முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இது அரிதான ஒன்றுமல்ல. 2021இல் உலகில் 127 பேரில் ஒருவர் ஓட்டிசமுள்ளவர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாட்டிலும் 18 முதல் 24 மாதமான பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அது சிறியதோர் ஆய்வுதான். எனினும் அந்த விகிதப்படி பார்த்தால், ஆயிரம் குழந்தைகள் உள்ள ஊரில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகள். நம் ஊர்களில் அந்தப் பத்துப் பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வயதை நெருங்கும் குழந்தை முற்றத்தில் காகத்தைக் கண்டால் என்ன செய்யும்? விரலை நீட்டிச் சுட்டும். உடனே திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்க்கும். அதற்குக் காகம் தேவையில்லை. "நான் பார்ப்பதை நீங்களும் பாருங்கள்" என்பதுதான் அந்தச் சிறு விரல் சொல்லும் செய்தி. இதனை 'இணைந்த கவனம்' என்பார்கள். பேச்சு இந்த அத்திவாரத்தின் மேல்தான் எழுகிறது. ஓட்டிசமுள்ள பல பிள்ளைகளிடம் இது தாமதமாகவே வருகிறது. என் தம்பி எதையும் சுட்டவில்லை, என் கையைத்தான் பயன்படுத்தினான்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய சில அறிகுறிகள்:

• 12 மாதமாகியும் மழலை ஒலிகள் இல்லாமை, கையசைத்து 'டாட்டா' காட்டாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை.
• 16 மாதமாகியும் பொருளுள்ள ஒரு சொல்லாவது பேசாமை.
• 18 மாதமாகியும் தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டாமை.
• 24 மாதமாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சுயமாகப் பேசாமை.
• எந்த வயதிலாயினும், முன்பு பேசிய சொற்களையும் செய்த சைகைகளையும் இழத்தல்.
• பொருட்களை வரிசையாக அடுக்குதல், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருத்தல், சிறு மாற்றத்துக்கும் பெரிதாகக் கலங்குதல், சில சத்தங்களுக்குக் காதைப் பொத்துதல்.

இவற்றில் ஒன்று காணப்பட்டவுடனேயே பிள்ளைக்கு ஓட்டிசம் என்று முடிவெடுக்கக் கூடாது. ஆனால் இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் ஒருவரிடம் காட்டாமல் இருக்கவும் கூடாது. முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்க வேண்டும். நாங்கள் அதையும் வீட்டிலேயே செய்து ஏமாந்தோம். தம்பியின் பெயரைப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் கடதாசியைப் பிரித்தால் ஓடி வருவான். "பாருங்க, காது நல்லாத்தானே கேக்குது, கள்ளன்" என்று எல்லோரும் சிரித்தோம். கேட்கும் ஒரு பிள்ளை ஏன் தன் பெயருக்குத் திரும்பவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

"ஒண்டும் யோசிக்காத மகள். ஆம்புளப் புள்ள சொணங்கித்தான் பேசும். இவன்ட சின்ன மாமாவும் நாலு வயசுலதான் வாய் தொறந்த." இது உம்மும்மாவின் ஆறுதல். மாமி, கைத்தொலைபேசியைக் குறை சொன்னார். எங்களை விட்டுப் போகாத ஒரே ஆள் உம்மாதான். அவர் மனது எப்போதும் அமைதியில்லாமல் இருந்தது. நகரத்தில் ஒரு வைத்தியரிடம் காட்டியபோது, "நாலு வயது வரை பார்ப்போம்" என்று அவரும் அனுப்பிவிட்டார்.

பிறகு பழி உம்மாவின் மேல் விழுந்தது. கர்ப்பமாக இருந்தபோது மஃரிப் நேரத்தில் வெளியே போனாரா, எதையாவது பார்த்துப் பயந்தாரா, பிள்ளையோடு பேசாமல் எப்போதும் தையல் மெஷினில் இருந்தாரா என்றெல்லாம் கேட்டார்கள். உம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு தைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

தாய்மாரைப் பழிப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1950களிலும் 60களிலும் மேற்கு நாடுகளில் படித்த வைத்தியர்களே, தாயின் பாசம் குளிர்ந்து போனதால்தான் பிள்ளைக்கு ஓட்டிசம் வருகிறது என்றார்கள். ஓட்டிசமுள்ள மகனைப் பெற்ற பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இல் நூலொன்றை எழுதி அதை மறுத்தார். மூளையின் வளர்ச்சியோடும் பரம்பரை அலகுகளோடும் தொடர்புடையது இது என்பதை அதன் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. தாய் பாசம் காட்டாததால் எந்தப் பிள்ளைக்கும் ஓட்டிசம் வருவதில்லை.

தடுப்பூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற செய்தி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் வந்தது. அதன் மூலம், 1998இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றி அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் வெளியிட்ட கட்டுரை. அது நேர்மையற்றது என நிரூபணமாகி 2010இல் அந்தச் சஞ்சிகையே அதை வாபஸ் பெற்றது. அவருடைய வைத்தியர் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2019இல் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் எத்தொடர்பும் இல்லை என்று காட்டியது. நம் நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் ஏற்றப்படும் அந்த ஊசியைத் தவிர்த்தால் ஓட்டிசம் நிற்காது. சின்னமுத்துத்தான் பரவும்.

எல்லோருடைய பிழையையும் எழுதிவிட்டு என்னுடையதை மறைப்பது நியாயமில்லை. நான் 8ஆம் தரத்தில் படிக்கும்போது செயற்றிட்டமொன்றுக்காக மூன்று தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பியைப் பின்னறையில் உம்மும்மாவோடு விட்டுக் கதவைச் சாத்தினேன். அவன் கதவில் தட்டிக்கொண்டே இருந்தான். "யாரு அது?" என்று ஒரு தோழி கேட்டாள். "பக்கத்து வீட்டுப் புள்ள" என்றேன். தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த உம்மாவின் காதில் அது விழுந்தது. தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை.

வெறுமையாக இருந்த பக்கம்

எங்களுக்கு வழி காட்டியவர் எங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர். பக்கத்து வீட்டுப் பச்சைக் குழந்தையைப் பார்க்க வந்தவர், எங்கள் திண்ணையில் சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த தம்பியைக் கண்டார். சற்று நேரம் நின்று பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு உம்மாவிடம் சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைக் கேட்டார்.

பிள்ளை பிறந்ததும் எல்லாத் தாய்மாருக்கும் கிடைக்கும் அந்தக் கொப்பி எங்கள் வீட்டிலும் கவனமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. நிறை வளைகோட்டில் மாதா மாதம் புள்ளிகள் இருந்தன. தடுப்பூசித் திகதிகள் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் எந்த வயதில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்று குறிக்கும் பக்கம் ஆரம்பத்துக்குப் பின்னர் வெறுமையாக இருந்தது. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறானா என்பதைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அவர் எழுதித் தந்த கடிதத்தோடு தொடங்கியது எங்கள் பயணம். செவிப்புலப் பரிசோதனை, பிள்ளைகளுக்கான விசேட வைத்திய நிபுணர், பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை என்று அடுத்தடுத்துப் போனோம். முடிவைச் சொன்ன நாளில் வாப்பா கேட்ட ஒரே கேள்வி, "எத்தன நாளையில சுகமாகும் டொக்டர்?" அவர், "நாள்க் கணக்கு இல்லை. ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள்" என்றார்.

ஏன் இன்றைக்கே?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போதுதான் அந்தப் பதிலின் பொருள் எனக்கு விளங்கியது. பிறந்து முதல் சில வருடங்களில் நரம்புக் கலங்களுக்கிடையே இணைப்புகள் மிக வேகமாக உருவாகின்றன. அடிக்கடி பயன்படுபவை உறுதியாகின்றன, பயன்படாதவை மெல்ல நீங்குகின்றன. தேயிலைத் தோட்டத்தில் ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை தெளிவாக இருக்கும், நடவாத பாதையைப் புல் மூடிவிடும். பாதை வெட்ட இலகுவான காலம் அந்த முதல் வருடங்கள்தான். அனுபவமுள்ள ஒருவரால் இரண்டு வயதிலேயே ஓட்டிசத்தைப் பெரும்பாலும் சரியாக இனங்காண முடியும். உறுதியான முடிவு வரும்வரை உதவியைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. பேசாத பிள்ளையோடு பேச்சுப் பயிற்சியைத் தொடங்குவதால் நட்டம் எதுவுமில்லை.

ஆரம்ப உதவி ஓட்டிசத்தை மாற்றிவிடாது. பிள்ளை தன் தேவையைச் சொல்ல ஒரு வழியை நேரத்தோடு திறந்துவிடும். வழி திறந்தால் அழுகையும் ஆத்திரமும் குறையும். தாமதித்தவர்களும் மனம் தளரத் தேவையில்லை. என் தம்பி மூன்று வயதுக்குப் பின்னர்தான் தொடங்கினான்.

யாரிடம் போவது?

முதலில் உங்கள் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சிறுவர் கிளினிக்கிலோ சந்தேகத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். "பிள்ளை பேசுவதில்லை" என்பதோடு நிறுத்தாமல், "சுட்டுவதில்லை, பெயருக்குத் திரும்புவதில்லை" என்றும் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ மிகவும் உதவும். அங்கிருந்து பெரிய அரசாங்க வைத்தியசாலைகளுக்கு அனுப்புவார்கள். கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த 'அயதி' நிலையமும் உள்ளன. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று ஒருவர் சொல்லி, உங்கள் மனம் அதை ஏற்கவில்லையென்றால் இன்னொருவரிடம் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். எங்களுக்குக் கற்றுத் தரப்பட்டவற்றில் சில:

• தரையில் அமர்ந்து பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். அவன் மூடிகளை அடுக்கினால் நீங்களும் சேர்ந்து ஒரு மூடியை வையுங்கள்.
• நீண்ட வசனங்களைத் தவிருங்கள். "மூடி", "சிவப்பு மூடி", "மூடி தா" போதும்.
• பிடித்த பொருளைக் கண்ணில் படும்படி, ஆனால் எட்டாத இடத்தில் வையுங்கள். அவன் கேட்க ஒரு காரணம் வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சிறு ஒலியோ பார்வையோ வந்தால் உடனே கொடுங்கள்.
• படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்குங்கள். இது பேச்சைத் தடுத்துவிடும் என்ற பயம் தேவையற்றது.
• அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே படமாகக் காட்டுங்கள். குளிப்பு, சட்டை, பள்ளிக்கூடம் என்ற மூன்று படங்கள் எங்கள் காலைப் பொழுதையே மாற்றின.
• உங்கள் மனதுக்கு நெருக்கமான மொழியில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை.

மொழியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தம்பியின் சிகிச்சையாளர் மிகவும் அன்பானவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. உம்மாவுக்குச் சிங்களம் சரளமில்லை. பதின்மூன்று வயதில் நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். "கொடுக்கும் முன் சற்றுக் காத்திருங்கள்" என்று அவர் சொன்னதை, "கேட்டவுடன் கொடுக்கவேண்டாமாம்" என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா அதைக் 'கொடுக்கவே வேண்டாம்' என்று விளங்கிக்கொண்டார். ஒரு கிழமை முழுவதும் தம்பி அலுமாரியடியில் அழுதான், உம்மாவும் அழுதார். அடுத்த முறை போனபோதுதான் பிழை தெரியவந்தது. தமிழில் பேசும் சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு மற்றும் செவிப்புல விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயிரியல் பிரிவில் படிக்கும் தோழிகளே, வைத்தியராவது மட்டும்தான் நமக்குக் கனவா? நான் அந்தப் பட்டப்படிப்பைத்தான் முதல் விருப்பமாக எழுதப்போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

நாம் செய்யக்கூடியவை

கல்யாண வீட்டில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழுதால் "வளர்ப்புச் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். நமக்குச் சாதாரணமான ஒலிபெருக்கிச் சத்தம் அந்தப் பிள்ளைக்கு வலியாக இருக்கலாம். கூட்டம் கூடாமல் விலகி, தாய்க்கு ஓர் அமைதியான அறையைக் காட்டிக் கொடுங்கள், அது போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் யோசிப்போம். ஓட்டிசம் ஆண் பிள்ளைகளிடமே கூடுதலாக இனங்காணப்படுகிறது. ஆனால் பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடந்து தம் சிரமத்தை மறைத்துக்கொள்வதால் பலர் கண்டறியப்படாமலே போகிறார்கள். இடைவேளையில் எப்போதும் தனியே இருக்கும் வகுப்புத் தோழி 'பெருமைக்காரி' ஆகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை.

ஒரு முன்பள்ளி தம்பியைச் சேர்க்க மறுத்தது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் அனுமதி வழங்கும்போது இக்காரணத்துக்காகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. இன்று அவன் ஓர் அரசாங்கப் பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிக்கிறான்.

மார்க்கத்தைப் படித்த நமக்கு இது புதிய பாடமுமல்ல. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் விடயத்தில் 'அபஸ' அத்தியாயம் இறங்கியதை நாம் அறிவோம். அதே தோழர் பின்னர் அதான் சொல்பவராகவும், நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டுச் சென்ற வேளைகளில் அங்கு பொறுப்பாளராகவும் இருந்தார். உம்மும்மா இன்றும் தம்பிக்கு ஓதி ஊதுகிறார். நாங்கள் அதை நிறுத்தவில்லை. கிளினிக் போவதையும் நிறுத்தவில்லை.

தம்பிக்கு இப்போது ஏழு வயது. பேசும் சொற்கள் குறைவுதான். சென்ற வருடம் ஒரு மாலையில் நான் படித்துக்கொண்டிருந்தபோது வந்து வழக்கம் போல் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிஸ்கட்டுக்காகத்தான் என்று எழுந்தேன். அவன் அலுமாரியைத் தாண்டி ஜன்னலுக்கு இழுத்துப் போனான். கொய்யா மரத்தில் ஓர் அணில் இருந்தது. என் கையை விட்டான். தன் விரலை நீட்டி அணிலைச் சுட்டினான். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அணில் தேவைப்படவில்லை. நானும் அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ். உம்மாவைக் கூப்பிட எனக்குச் சத்தம் வரவில்லை.

ஒரு வயதில் வரவேண்டிய அந்த விரலுக்காக நாங்கள் ஆறு வருடங்கள் காத்திருந்தோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சின்னப் பிள்ளை இருந்தால், இன்று அந்தப் பதிவேட்டை எடுத்து நிறை வளைகோட்டைத் தாண்டி அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். கேள்வி எழுந்தால் நாளைக்கே கேளுங்கள்.

க.பொ.த. உயர்தரம் (உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)